அப்பாவின் உளியும் என் புதுச் சாமான்களும்

"என்னங்க, இந்த மாதச் சம்பளம் நம்ம வீட்டுக்கு வந்ததா, இல்லை இரும்புக் கடைக்குப் போனதா?"

போன மாதம் 28ஆம் தேதி என் துணைவியார் இப்படிக் கேட்டார். கேள்வியில் பாதி கேலி, பாதி கணக்கு. நான் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த பொட்டலத்தோடு நேரே பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்று உண்டு. பாதி இடத்தில் பழைய கார் நிற்கும். மீதிப் பாதியில் ஒரு மரமேசை. இந்தப் பதினொரு மாதத்தில் அந்த மேசைக்கு வந்து சேர்ந்தவை: பேட்டரியில் ஓடும் டிரில் ஒன்று, கிரைண்டர் ஒன்று, சாக்கெட் ஸ்பானர் பெட்டி ஒன்று, காரைத் தாங்கும் இரும்பு முக்காலிகள் இரண்டு, ரசமட்டம் ஒன்று. எல்லாம் கூட்டினால் 1,100 வெள்ளிக்குப் பக்கம் வரும். நாற்பதைத் தாண்டிய தோட்டப் பள்ளி ஆசிரியருக்கு இதெல்லாம் எதற்கு என்று நீங்களும் கேட்கலாம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நான் வெட்கப்பட வேண்டிய செய்தி ஒன்றும் இதில் இருக்கிறது. அதையும் மறைக்கப் போவதில்லை.

நான் பிறந்து வளர்ந்தது பேராக்கில், தெலுக் இந்தானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள். எங்கள் லயத்து வீட்டில் இருந்த சாமான்களை ஒரு கைவிரலில் எண்ணி விடலாம். ஒரு பால்வெட்டு உளி, ஒரு தீட்டுக்கல், ஒரு பாராங் கத்தி, ஒரு மண்வெட்டி. அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஒரு உளியை அப்பா வைத்திருந்த விதம் இருக்கிறதே! விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அதைத் தீட்டுவார். கல்லில் உளி உரசும் சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வரும். பால்வெட்டு என்பது மரத்தை வெட்டுவது அல்ல, பட்டையைச் சீவுவது. ஒரு தடவைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவு சீவினால் போதும். கொஞ்சம் ஆழமாகப் போய் உள்ளே இருக்கும் உயிர்ப்படலத்தில் பட்டுவிட்டால், அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அடுத்த சுற்றுக்கு அங்கே உளி வைக்க முடியாது. "மழுங்கின உளிதான்டா மரத்தைக் காயப்படுத்தும். கூரான உளி சொன்ன பேச்சைக் கேட்கும்" என்பார் அப்பா.

மற்றபடி வீட்டில் ஒரு சுத்தியல் கூடக் கிடையாது. ஏன் தெரியுமா? வீடு தோட்டத்துடையது. கதவுக் கீல் கழன்றால் கிராணியிடம் சொல்ல வேண்டும். தோட்டத்து ஆசாரி வருகிற வரைக்கும் கதவுக்குக் கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருப்போம். சுவரில் ஆணி அடிக்கவே அம்மா பயப்படுவார். சாமி படத்தைக்கூட உத்தரத்திலிருந்து கம்பி கட்டித்தான் தொங்க விட்டிருந்தோம்.

தொண்ணூறுகளில் தோட்டம் செம்பனைக்கு மாறியது. அப்பா தன் சேமநிதிப் பணத்தைப் போட்டுப் பட்டணத்தில் ஒரு மலிவுவிலை வீடு வாங்கினார். புதுவீட்டில் படம் மாட்ட வேண்டும். அப்பா கையில் ஆணியை வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தபடி நின்றார். "என்னப்பா?" என்றேன். "யாரையாவது கேட்கணுமாடா?" என்றார். சொந்த வீட்டில் ஆணி அடிக்க யாரைக் கேட்பது? முப்பது வருடப் பழக்கம் அவரை அப்படிக் கேட்க வைத்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என் நெஞ்சு கனக்கிறது.

அப்பா காலமாகி மூன்று வருடம் ஆகிறது. அம்மா இப்போது எங்களோடு இருக்கிறார். அப்பாவின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வந்தேன். ஆணி அடித்தால் சிமெண்டுப் பூச்சு உதிர்ந்ததே தவிர ஆணி ஏறவில்லை. ஆள் கூப்பிட்டேன். இரண்டு துளை போட்டு 80 வெள்ளி வாங்கிக் கொண்டு போனார். அவர் போட்ட துளைகளும் ஒன்றுக்கொன்று ஏற்ற இறக்கம். அம்மா கேட்டார்: "ரெண்டு ஓட்டைக்கா தம்பி எம்பது வெள்ளி?" அன்றைக்கே நாமே ஒரு டிரில் வாங்கி விடுவது என்று முடிவு செய்தேன்.

மலிவாக வாங்கப் போய் ஏமாந்த கதை எல்லார் வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டிலும் நடந்தது. கைத்தொலைபேசியில் பார்த்து 59 வெள்ளிக்கு ஒன்று வாங்கினேன். பெட்டியின்மேல் '48 வோல்ட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இரண்டே வாரத்தில் பேட்டரி செத்துவிட்டது. தனி பேட்டரி கேட்டால் எங்கும் இல்லை. நல்ல மோட்டாரும் பழைய இரும்புக்குத்தான் போனது.

அப்போதுதான் என் பழைய மாணவன் ஒருவனைப் போய்ப் பார்த்தேன். பட்டணத்தில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறான். பெயரை எழுதினால் வெட்கப்படுவான். பள்ளியில் படிக்கும்போது ஏழாம் வாய்ப்பாட்டில் விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை. பிறகு திறன் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி, சொந்தத் தொழிலில் நிற்கிறான். நட்டைக் கண்ணால் பார்த்தே பத்து, பன்னிரண்டு, பதினாலு என்று ஸ்பானர் எடுக்கிறான்.

அவன் எனக்குப் பாடம் நடத்தினான். "சார், உள்ளே இருக்கறது சின்னச் சின்ன லித்தியம் செல்லு. ஒண்ணு 3.6 வோல்ட். அஞ்சு செல்லு வரிசையா வச்சா 18. அதையே முழுசா சார்ஜ் ஏத்தின கணக்குல சிலர் 20ன்னு போடுவாங்க. ரெண்டும் ஒண்ணுதான். பெட்டியில உள்ள நம்பரைப் பார்க்காதீங்க. அந்தப் பேட்டரி தனியா விக்கறாங்களா, அதே பேட்டரி வேற மெஷினுக்கும் போடலாமா, அதைக் கேளுங்க." ஐந்து பெருக்கல் 3.6, அவன் வாயில் ஒரு நொடி தடுமாறவில்லை. நானும் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டேன், சரியாகத்தான் இருந்தது.

அவன் சொன்னபடி நல்ல டிரில் ஒன்று வாங்கினேன். செங்கல் சுவருக்கு, நுனியில் கடினமான கார்பைடு வைத்த அலகு வேண்டும். இரும்புக்குப் போடும் அலகு சுவரில் தேய்ந்து போகும். 6 மில்லி துளைக்கு 6 மில்லி பிளாஸ்டிக் அடைப்பு, அதற்குள் திருகாணி. சுவிட்சுக்கும் பிளக்குக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடக் கூடாது. மின்கம்பி பெரும்பாலும் அந்த வழியில்தான் போகும். இதெல்லாம் கற்றுக்கொண்டும், ஒரு நாள் ஜன்னலுக்கு மேலே அரை மணி நேரம் போராடினேன். துளை விழவில்லை. அவன் வந்து தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "சார், இது செங்கல் இல்ல, கான்கிரீட்டு பீமு. இதுக்குச் சம்மட்டி மாதிரி இடிக்கிற பெரிய மெஷின் வேணும்." நாலு விரற்கடை மேலே போனேன், வெண்ணெய் மாதிரி இறங்கியது.

ரசமட்டம் வாங்கியபோது கடைக்காரச் சீனர் வேடிக்கையாகக் கேட்டார்: "சார், தெலுக் இந்தான்காரருக்கு இது எதுக்கு? நம்ம கோபுரமே சாய்ஞ்சுதானே நிக்குது!" 1885இல் கட்டிய அந்தக் கோபுரம் சாய்ந்து நிற்பதால்தான் எங்கள் ஊருக்குப் பெயர். ஆனால் அப்பாவின் படம் சாய்ந்து நிற்கக் கூடாது அல்லவா? குமிழி நடுவில் நிற்கும்படி வைத்து மாட்டினேன். அம்மா நெடுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "நேரா இருக்கு" என்றார். எனக்கு அது போதும்.

இனி வெட்கப்பட வேண்டிய கதைக்கு வருகிறேன்.

கைக்குச் சாமான் பழகினால் தலைக்கு ஒரு மிதப்பு வந்துவிடுகிறது. அடுத்தபடி கிரைண்டர் வாங்கினேன். நாலு அங்குலச் சக்கரம். நிமிடத்துக்கு 11,000 சுற்று. அதாவது சக்கரத்தின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் ஓடுகிறது. துருப்பிடித்த ஜன்னல் கம்பி ஒன்றை வெட்ட வேண்டியிருந்தது. மூலையில் கிரைண்டரின் காப்புத் தகடு இடித்தது. கழற்றி வைத்தேன். சக்கரம் தேய்ந்திருந்தது, கொட்டகையில் ஈரத்தில் கிடந்த பழைய சக்கரம் ஒன்றை எடுத்து மாட்டினேன். பத்து வயது மகன் பக்கத்தில் வந்து நின்று, "அப்பா, நான் பிடிச்சிக்கவா?" என்றான். "தள்ளி நில்லு" என்றேன். சொன்னதோடு சரி, அவன் தள்ளி நின்றானா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

பாதி வெட்டும்போது கம்பி வளைந்து சக்கரத்தைக் கவ்வியது. துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். என் கையில் ஒன்றும் இல்லை. முகத்தில் ஒன்றும் இல்லை. திரும்பிப் பார்த்தால், சக்கரத்தின் உடைந்த துண்டு ஒன்று பின்னால் இருந்த பலகையில் குத்தி நின்றது. அது என் மகனின் காதிலிருந்து ஒரு சாண் தூரம். அவன் அழவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். என் துணைவியார் ஓடி வந்தார், பலகையைப் பார்த்தார், பிள்ளையை அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்று இரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் பட்டறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். என் மாணவன் உடைந்த சக்கரத்தின் நடுவே இருந்த இரும்பு வளையத்தைத் துடைத்து எனக்குக் காட்டினான். அதில் மாதமும் வருடமும் பொறித்திருந்தது. காலாவதியாகி இரண்டு வருடம்! மாவுப் பால் டின்னில் தேதி பார்த்து வாங்குகிறோம். சக்கரத்துக்கும் தேதி உண்டு என்று எனக்குத் தெரியாது. அதை ஒட்ட வைத்திருக்கும் பசை ஈரத்தாலும் வயதாலும் வலுவிழந்து போகுமாம்.

பிறகு அவன் மெதுவாகச் சொன்னான்: "சார், பரீட்சையில நீங்கதானே சொல்வீங்க, கேள்விய முழுசாப் படிச்சிட்டுப் பதில் எழுதுன்னு? இதுல எழுதியிருக்கறத நீங்க படிச்சீங்களா?"

நான் தலை குனிந்தேன். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொன்ன பாடத்தை, ஒரு நாள் நான் மறந்தேன். அதற்கு என் பிள்ளையின் கண்ணையோ உயிரையோ விலையாகக் கொடுத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து, "எல்லாத்தையும் வித்துடப் போறேன்" என்றேன். யாரும் பேசவில்லை. அம்மாதான் எழுந்து போய்த் தன் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த அப்பாவின் உளியை எடுத்து வந்தார். இன்னும் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்.

"உங்கப்பா வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம் இதுலதான் கையக் கிழிச்சிக்கிட்டாரு. உளியத் தூக்கி வீசல தம்பி, பிடிக்கக் கத்துக்கிட்டாரு. நீ சின்னப்புள்ளையா இருக்கறப்ப இது எங்க இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. கதவுக்கு மேலே, உத்தரத்தில், வாய்ப்பக்கம் சுவரைப் பார்க்க மாட்டியிருக்கும். எத்தனை எம்பினாலும் என் கைக்கு எட்டாது.

வாசகர்களே, சாமான்களை நான் விற்கவில்லை. ஆனால் கொட்டகை மாறிவிட்டது. தரையில் மஞ்சள் கோடு ஒன்று போட்டிருக்கிறேன். மெஷின் ஓடும்போது மகன் அதைத் தாண்டக் கூடாது. காப்புத் தகடு இல்லாமல் கிரைண்டர் ஓடாது. டிரில் பிடிக்கும்போது கையுறை போடுவதில்லை. துணி சுற்றிக்கொண்டால் விரலையும் இழுத்துவிடும். வெறும் ஜாக்கை நம்பிக் காருக்கு அடியில் போவதில்லை. ஜாக் தூக்குவதற்கு, தாங்குவதற்கு முக்காலி. மின்சாரச் சாமானில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குகிறேன். வீட்டு மின்பெட்டியில் மின்கசிவைத் தடுக்கும் சுவிட்சில் 'டி' என்ற சிறு பொத்தான் உண்டு. மாதம் ஒரு தடவை அதை அழுத்திப் பார்க்கிறேன். உடனே மின்சாரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஒயரிங்காரரைக் கூப்பிட வேண்டும். உங்கள் வீட்டிலும் இன்றே அழுத்திப் பாருங்கள், காசு செலவில்லை.

நம்மில் பலர் லயத்தை விட்டுச் சொந்த வீட்டுக்கு வந்துவிட்டோம். குழாய் ஒழுகினால், கீல் கழன்றால் நாமே சரி செய்துகொள்வதில் ஒரு தனி மரியாதை இருக்கிறது. யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

28ஆம் தேதி கொண்டுவந்த பொட்டலத்தை அன்று மாலை என் துணைவியாரிடம் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தார். கண் காக்கும் கண்ணாடி இரண்டு. ஒன்று பெரியது, ஒன்று சிறியது. இரண்டும் சேர்த்து 26 வெள்ளி. சிறியதை எடுத்து மகனுக்குத் தானே மாட்டிவிட்டு, பின்பட்டையை இறுக்கினார்.

"இதை முதல்லயே வாங்கியிருக்கலாம்" என்றார்.

உண்மைதான். பட்டியலில் இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.