கல்லுக்காக இட்ட பாதை

நாம் சிறுவராயிருந்த நாள்களில் காரைக்காலிலிருந்து பேரளத்திற்குச் சிறிய இரயில் ஒன்று ஓடிற்று. 1898-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மீட்டர் பாதை. சன்னலோரத்தில் அமர்ந்துகொண்டு, "குகை எப்போது வரும் அப்பா?" என்று தந்தையாரைத் தொணதொணத்தது நினைவிருக்கிறது. வயலும் வாய்க்காலும் வந்தன, குகை வரவேயில்லை. மேடே இல்லாத கழிமுகத்தில் குகைக்கு எங்கே போவது!

அந்த ஆசை நெஞ்சின் ஓரத்தில் கிடந்தது போலும். இன்று எஞ்சியுள்ள இரயில் சுரங்கங்களுள் உலகிலேயே மிகப் பழையது எனக் கருதப்படுவது, இங்கிலாந்தில் டார்பிஷயர் மாவட்டத்துப் பிரிட்ச்லி என்னும் சிற்றூரில் இருக்கிறது என்று படித்தபோது ஆவலோடு மேலும் தேடினோம். 1793-ஆம் ஆண்டில் பெஞ்சமின் அவுட்ரம் என்னும் பொறியாளர் அமைத்த பாதையில் உள்ளது அது. கிரிச் குன்றில் வெட்டிய சுண்ணாம்புக்கல்லைக் குரோம்போர்டு கால்வாய்க்குக் கொண்டுசெல்வதற்காக இட்ட பாதை. நீராவி எஞ்சின் ஏது? பாரவண்டிகள் சரிவில் தாமே உருண்டிறங்கின. வெறும் வண்டிகளைக் குதிரைகள் மேலே இழுத்துச் சென்றன. 1933-இல் பாதை மூடப்பட்டது. மண்ணுக்குள் மறைந்திருந்த சுரங்கத்தை 2013-இல் தொல்லியல் ஆர்வலர் தோண்டிக் கண்டனர்.

நம் நாட்டிலும் இரும்புப் பாதை முதலில் கல்லுக்காகவே வந்தது என்பதை வாசகர் பலர் அறியார். பம்பாயில் பயணிகள் இரயில் ஓடிய 1853-க்கும் 16 ஆண்டுகள் முன்னரே, 1837-இல், சென்னையை அடுத்த செங்குன்றத்தில் சாலை போடும் கல்லைச் சுமக்கப் பாதை இடப்பட்டது. அமைத்தவர் ஆர்தர் காட்டன். அதற்கு முந்திய ஆண்டில் கொள்ளிடத்தில் அணை கட்டும் பணியை மேற்கொண்டவரும் அவரே. அந்த மேலணை, காவிரிக்குரிய நீர் கொள்ளிடத்தில் வீணே ஓடிவிடாமல் தடுத்தது. காவிரியில் பிரியும் அரசலாறுதான் நம் காரைக்காலில் கடல் சேர்கிறது. ஆக, நம் வயலுக்கும் அந்தத் தண்டவாளத்துக்கும் ஒரு கை உறவு உண்டு. அவர் பெயர் நிலைத்தது. கல்லுடைத்துச் சுமந்தவர்களின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லையே என்பதுதான் நமக்குள்ள குறை.

மண்ணுக்குள் கிடந்தது மிஞ்சியது. மேலே கிடந்தது போயிற்று. நம் பேரளத்துப் பாதையும் 1980-களில் மூடப்பட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்த தடத்தில் ஆடுகள் மேய்ந்ததைத் தந்தையார் வெகுநேரம் நின்று பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. 2011-இல் நாகூரிலிருந்து அகலப் பாதை வந்தது. அதில் முதன்முதலாக ஏறிய அன்றும், நரைத்த தலையோடு, சன்னலோர இருக்கையைத்தான் தேடினோம்.