ஒரே புள்ளி, இரண்டு வேகம்

நில அதிர்வு சர்வே பற்றிச் செமினாருக்குத் தயார் செய்தபோதுதான் இந்த வில்லங்கம் என் கண்ணில் பட்டது. எங்கள் காவிரிப் பக்கத்து வயல்களில் ஒயர் இழுத்து, குழியில் வெடி வைத்து எண்ணெய் தேடினார்களே, அதே சர்வேதான். அதிர்வு கீழே போய்ப் பாறையில் பட்டுத் திரும்பும். ஜியோபோன்கள் பதிவு செய்யும். போய்வந்த நேரத்தை வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் ஆழம். பள்ளிக்கூடக் கணக்கு!

நேரத்தைக் கருவி சொல்லிவிடும். வேகத்தை யார் சொல்வது? வெடியிலிருந்து தள்ளித் தள்ளி வைத்த ஜியோபோன்களுக்கு எதிரொலி தாமதமாக வரும். அந்தத் தாமதத்தை வைத்துத்தான் வேகத்தைக் கணிக்கிறார்கள்.

இப்போது இரண்டு லைன்கள் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன என்று வையுங்கள். வெட்டும் இடத்தில் ஒரு லைன் வினாடிக்கு 2,500 மீட்டர் என்கிறது. மற்றது 2,660 என்கிறது. போய்வர 2 வினாடி என்றால் ஆழத்தில் 160 மீட்டர் வித்தியாசம்! அப்படியே மேப் போட்டால் பூமிக்கடியில் இல்லாத மேடு ஒன்று முளைத்துவிடும். மேட்டில்தான் எண்ணெய் தேங்கும் என்று அங்கே கிணறு இறக்கினால் என்ன ஆகும்?

எங்கள் வீட்டில் படிக்க வந்தவன் நான்தான் முதல். அச்சில் வந்த எண் என்றால் எங்களுக்கு வேதவாக்கு. இதை அப்பாவிடம் சொன்னேன். "ஒரே இடத்துக்கு ரெண்டு கணக்கா? அப்ப எவனோ ஒருத்தன் பொய் சொல்றான்டா" என்றார். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன், லெவின் என்பவர் 1971-ல் எழுதிய ஆய்வைப் பற்றிப் படிக்காமல் இருந்தால்.

பாறை அடுக்கு சாய்ந்திருந்தால், சாய்வின் திசையில் ஓடும் லைனில் தாமதம் குறைந்து தெரியும். வேகம் கூடுதலாக வரும். உண்மை வேகத்தைச் சாய்வுக் கோணத்தின் காஸ் மதிப்பால் வகுத்தது போல. 20 டிகிரி சாய்வுக்கு காஸ் 0.94. 2,500-ஐ வகுத்துப் பாருங்கள், அதே 2,660! சாய்வுக்குக் குறுக்கே ஓடும் லைனில் இந்தக் கோளாறு இல்லை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. காவிரிப் படுகையின் அடியில் மேடும் பள்ளமும் வடகிழக்கு-தென்மேற்காக நீண்டு கிடப்பதால், அவற்றைக் குறுக்காகக் கடக்கும் லைன்களில் இதைக் கவனித்தாக வேண்டும்.

"சராசரி போட்டால் போச்சு" என்றான் பக்கத்து பெஞ்ச் நண்பன். போடலாம், 2,580 வரும். லைன்கள் ஒத்துப்போகும். ஆனால் சரியாக இருந்த லைனையும் அல்லவா கெடுத்துவிட்டோம்! முதலில் சாய்வுத் திருத்தம். பிறகு இரண்டு சர்வேக்கும் டேட்டம் ஒன்றுதானா, மேலே உள்ள தளர்ந்த மண்ணுக்குத் திருத்தம் செய்தார்களா என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் போக மிஞ்சுகிற சில்லறைப் பிழையைத்தான் எல்லா வெட்டுப் புள்ளிகளுக்கும் சேர்த்து மீச்சிறு வர்க்க முறையில் பகிர்ந்து கொடுக்கிறார்கள். டிராவர்ஸில் நாம் பவுடிச் விதி போடுகிறோமே, அதற்கு அண்ணன் முறை.

பழைய லைன்களில்தான் பெரிய தலைவலி. டேட்டம் எது என்று எவரும் குறித்து வைக்காவிட்டால் சரியாகத் திருத்துவது கஷ்டம். பீல்டு புக்கில் பெஞ்ச் மார்க், தேதி, கருவி எண் எழுதாதவனை வெயிலில் மறுபடி அனுப்பும் நம் சர்வே சாரை இப்போதெல்லாம் நான் திட்டுவதில்லை. மற்றவர்கள் திட்டுகிறார்கள்.