காலிக்குப் போகும் ரயிலில் வலது பக்க ஜன்னல்

வெளிநாட்டு டூர் பிளான்களைக் கவனித்திருக்கிறீர்களா? காலை 8 மணிக்கு ஒரு கோயில், 9.30-க்கு ஒரு அருவி, 11 மணிக்கு ஷாப்பிங். திரும்பி வந்து போட்டோவைப் பார்த்தால்தான் எங்கெல்லாம் போனோம் என்றே ஞாபகம் வரும். இலங்கைக்குப் போனபோது ஒரே ஒரு நாளை மட்டும் இந்த ஓட்டத்திலிருந்து காப்பாற்றி வைத்தேன். கொழும்பிலிருந்து தெற்கே காலி வரை கடலோரமாகவே ஒரு ரயில் போகிறது. தோன்றிய ஊரில் இறங்குவது, அடுத்த ரயிலோ பஸ்ஸோ வந்தால் ஏறுவது. அவ்வளவுதான் திட்டம்.

கொழும்பு கோட்டை ஸ்டேஷனில் ஏறுகிறவர்களுக்கு ஒரு டிப்ஸ்: வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். வெள்ளவத்தை பக்கமெல்லாம் தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவில் கருங்கற்கள் மட்டும்தான். கூடையோடு ஒருவர் 'வடே... வடே...' என்று கூவிக்கொண்டு வந்தார். வடைதான்! பருப்பு வடையின் மேல் முழு இறாலைப் பதித்துப் பொரித்தால் அது 'இஸ்ஸோ வடே'. வாங்கியதும் அவர் என்னை 'மல்லி' என்றார். சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி. நமக்கு ரசத்தில் போடுவது, அவர்களுக்கு உடன்பிறப்பு. அக்கா மட்டும் இரண்டு மொழியிலும் அக்காதான்.

முதலில் இறங்கியது அம்பலாங்கொடையில். மர முகமூடிகளுக்குப் பேர்போன ஊர். பிதுங்கிய கண், கோணல் வாய், தலையில் படமெடுக்கும் பாம்பு என்று கடை கடையாகத் தொங்குகின்றன. 'சன்னி' என்ற சடங்கில் நோய்களுக்குக் காரணமாக 18 பேய்களைச் சொல்வார்களாம். ஒவ்வொரு பேயின் முகமூடியைப் போட்டும் ஆடி, கேலி செய்து, அதை விரட்டுவார்கள். பயமுறுத்தும் ஒன்றுக்கு முகம் கொடுத்து, அதைப் பார்த்துச் சிரித்துவிடுவது. நல்ல வைத்தியமாகத்தான் பட்டது.

அங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம் போனால் பெரலிய. தென்னை மரங்கள், சின்னச் சின்ன வீடுகள், ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடல். சாதாரணக் கடற்கரைக் கிராமம். ஆனால், உலக ரயில்வே வரலாற்றிலேயே அதிக உயிர்களைப் பறித்த விபத்து நடந்தது இங்கேதான்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. பௌர்ணமி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கொழும்பிலிருந்து கிளம்பிய 'சமுத்திர தேவி' ரயிலில் அவ்வளவு கூட்டம். முதல் அலை வந்ததும் ரயில் இந்த ஊரில் நின்றுவிட்டது. ஊர்க்காரர்கள் அதை நோக்கி ஓடி வந்தார்கள். இரும்பு, கனமானது, அலை அசைக்காது என்று நம்பி உள்ளே ஏறினார்கள். சிலர் கூரை மேல் ஏறினார்கள். சிலர் பெட்டிகளுக்குப் பின்னால் பிள்ளைகளோடு ஒதுங்கினார்கள். அடுத்து வந்த பெரிய அலை பெட்டிகளையே புரட்டிப் போட்டது. இறந்தவர்கள் சுமார் 1,700 பேர் என்று மதிப்பிடுகிறார்கள்.

ரோட்டோரத்தில் ஒரு சின்ன சுனாமி மியூசியம் இருக்கிறது. சுவரெல்லாம் போட்டோக்கள், கையால் எழுதிய விளக்கங்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் தமிழ் பேசினார். இந்தியாவில் எந்த ஊர் என்று கேட்டார். 'நாகப்பட்டினம்' என்றேன்.

அவருக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து போட்டார். உட்காரச் சொல்லிவிட்டு தேநீர் வைக்கப் போனார்.

அன்று எங்கள் மாவட்டத்தில் மட்டும் சுமார் 6,000 பேர் இறந்தார்கள். அப்போது எனக்கு 5 வயது. தண்ணீர் ஞாபகமில்லை. அம்மா என் கையைப் பிடித்து இழுத்த இழுப்பும், தோள்பட்டை வலியும்தான் ஞாபகம். இப்போதும் டிசம்பர் 26-ல் எங்கள் ஊரில் கடலில் பால் ஊற்றுவார்கள். பெரலியவில் அதே நாளில் நினைவு ரயில் வந்து நிற்கும். அலையில் உருண்ட இன்ஜினைப் பழுது பார்த்து ஓட்டுகிறார்கள். சிதைந்துபோன இந்தப் பாதையில் இரண்டே மாதத்தில் ரயிலை மறுபடி ஓடவிட்டவர்கள் அவர்கள்.

'இப்ப கடலைப் பார்த்தா பயமில்லையா அக்கா?' என்று கேட்டேன். 'கடல் எங்க போகும் மல்லி? நாங்க எங்க போவோம்?' என்றார். டீயில் இஞ்சி தூக்கலாக இருந்தது. பேசி முடிக்கும்போது இரண்டு பஸ்கள் போயிருந்தன. மூன்றாவதில் ஏறினேன்.

மதியம் காலி. பெயர்தான் காலி, கோட்டைக்குள் நல்ல கூட்டம். போர்ச்சுக்கீசியர்கள் தொடங்கி, டச்சுக்காரர்கள் பெரிதாகக் கட்டிய இந்தக் கோட்டை 1988 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். சுனாமி வெளியே இருந்த ஊரைச் சூறையாடியபோது, இந்தத் தடித்த மதில்தான் உள்ளே இருந்தவர்களைக் காத்தது. நமக்கும் இந்த ஊரோடு ஒரு பழைய உறவு உண்டு. சீனத் தளபதி ஷெங் ஹெ 1409-ல் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் பொறிக்கச் செய்த கல்வெட்டு, 1911-ல் இந்தக் காலியில்தான் கிடைத்தது. இப்போது கொழும்பு மியூசியத்தில் இருக்கிறது. கப்பலில் வந்தவர்கள் இந்தக் கரையில் யாரோடெல்லாம் பேச வேண்டியிருந்தது என்பதற்கு அந்த ஒரு கல் போதும்.

சாயங்காலம் கொக்கலை. கடலுக்குள் நட்ட கம்பத்தில் குறுக்குக் கட்டை கட்டி, அதில் உட்கார்ந்து தூண்டில் போடும் மீனவர்களை போஸ்ட்கார்டில் பார்த்திருப்பீர்கள். இன்று அப்படி உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்கு வருமானம் போட்டோவுக்குக் கிடைக்கும் பணம்தான். மீனைவிட அது நிச்சயமானது என்று கரையில் நின்ற ஒருவர் சொன்னார். 'ஏமாத்துறாங்க' என்று பக்கத்தில் ஒரு டூரிஸ்ட் அலுத்துக்கொண்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கட்டையில் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள், அதுவும் உழைப்புதான். கேட்ட பணத்தைக் கொடுத்து ஒரே ஒரு படம் எடுத்தேன்.

இரவு ரூமுக்கு வந்து அம்மாவுக்கு போட்டோக்களை அனுப்பினேன். கோட்டை, முகமூடி, கம்பத்தில் மீனவர் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, நாற்காலி போட்ட அந்த அக்காவைப் பற்றித்தான் போனில் கேட்டார்.

'அவங்க வீட்டுல யார் யார் போனாங்களாம்?'

'நான் கேக்கலம்மா.'

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: 'நல்லது. அதெல்லாம் அவங்களா சொன்னாத்தான். டீ குடிச்சேல்ல, அது போதும்.'