குச்சியில் வரும் காளை

பெக்கான் நானாஸ் அன்னாசித் தோட்டங்களைத் தாண்டி நான் போன மாட்டுக்கொட்டகையில் பொலிகாளை இல்லை. பொந்தியானின் இந்தச் சின்னக் கொட்டகைக்குக் காளை, உறைந்த விந்து அடைத்த 0.25 மில்லிலிட்டர் குச்சியாக, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் மூழ்கி வருகிறது. மலேசியாவில் உறைவிந்து பகாங் மாநிலத்து ஜெராண்டுட் நிலையத்தில் தயாராகிறது.

"காலையில கத்துச்சு தம்பி, சரியாச் சாயங்காலம் வந்துட்டீங்க" என்றார் மாட்டுக்கார அம்மா. சினை ஊசி போடும் இளைஞர் பேச்சுக் கொடுக்கவில்லை. நைட்ரஜன் கலன் மூடியைத் திறந்து, குச்சிகள் இருந்த குவளையைக் கலனின் கழுத்துக்கு மேலே தூக்காமல், இடுக்கியால் ஒன்றை எடுத்து 37 டிகிரி வெந்நீரில் போட்டார். அரை நிமிடம். டிஷ்யூவால் ஈரத்தை ஒற்றினார். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் விந்தணு செத்துவிடுமாம். நுனியை வெட்டிச் சினை ஊசிக் குழலில் பொருத்தி, குளிர்ந்துவிடாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டார். பிறகுதான் கையுறை.

"மைக்ராஸ்கோப்புல நல்லா நீந்துற விந்துகூட சினை பிடிக்காமப் போகும் அண்ணே" என்றார் கை கழுவும்போது.

அதற்குத்தான் உயிர்வேதியியல் சோதனைகள். நம் கல்லீரல் பரிசோதனைச் சீட்டில் வரும் எஸ்ஜிஓடி நொதி விந்தணுவுக்குள்ளும் உண்டு. உறைய வைக்கும்போது விந்தணுவின் சவ்வு கிழிந்தால் அது வெளியே கசியும். சுற்றியுள்ள நீரில் அதன் அளவு ஏற ஏறச் சேதம் அதிகம். விந்துப்பை சுரக்கும் ஃப்ரக்டோஸ் சர்க்கரை விந்தணுவுக்குத் தீனி. அது எவ்வளவு வேகமாகத் தீர்கிறது என்பதும் ஒரு கணக்கு. 1993இல் அமெரிக்காவில் கில்லியன் குழுவினர் ஹோல்ஸ்டீன் காளைகளின் விந்துநீரை ஆராய்ந்து, நன்கு சினை பிடிக்க வைக்கும் காளைகளிடம் சில புரதங்கள் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். அவற்றில் ஒன்று ஆஸ்டியோபாண்டின் என்பது பின்னர் தெரிந்தது.

நம் ஊர் வெக்கைக்கு இவையெல்லாம் தேவை. காளைக்கு விந்தணு உருவாகச் சுமார் 61 நாள் ஆகும். இன்று வெயிலில் வாடிய காளையின் குறை சில வாரம் கழித்து எடுக்கும் விந்தில்தான் தெரியும். அதற்குள் காளை பார்வைக்குத் தேறிவிட்டிருக்கும்.

ஆனால் எந்த ஒரு நொதியும் புரதமும் தனியாகத் தீர்ப்புச் சொல்லிவிடாது. எத்தனை மாடு சினைப்பட்டது என்ற கணக்கோடு ஒப்பிட்டால்தான் ஆய்வகத்து எண்ணுக்கு அர்த்தம். அந்தக் கணக்கு இருப்பது கொட்டகையில். நான் பார்த்த கொட்டகையிலோ அம்மாவின் ஞாபகத்தில் மட்டும். எந்தக் காளை என்று கேட்டேன். "கறுப்பு வெள்ளைக் காளைதான்" என்றார். குச்சியில் அச்சிட்டிருந்த காளை எண் குப்பைக்கூடையில் கிடந்தது.

மாடு வளர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தக் குச்சியைத் தூக்கிப் போடுமுன் காளை எண்ணையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 21ஆம் நாள் வாக்கில் மாடு மறுபடி சினைக்குக் கத்தினால் அதையும் எழுதி, அடுத்த முறை வரும் கால்நடை ஊழியரிடம் நோட்டைக் காட்டுங்கள்.