ஆமையும் மைனாவும் ஒட்டுமிடம்

விசித்திரப் பிராணி வரையச் சொன்னால் ஆரம்பத்தில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். சிங்கத்துக்கு இறக்கை, மீனுக்குக் கொம்பு. எல்லாம் ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருக்கும். "யாளியப் பாத்து வளந்தவன் வரையற படமாய்யா இது?" என்று ஒரு மூத்த ஓவியர் கேட்டார். கோயில் தூணில் சிங்க முகம் எங்கே முடிந்து துதிக்கை எங்கே தொடங்குகிறது என்று தேடினாலும் அகப்படாது. பார்த்துத்தான் வளர்ந்தேன், கவனித்ததில்லை.

கொல்கத்தாவுக்கு வந்து, லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்து, வங்காளத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியபோதுதான் பாடம் புரிந்தது. வாத்தியார் சுகுமார் ராய், சத்யஜித் ராயின் அப்பா. அவருடைய 'ஆபோல் தாபோல்' புத்தகத்தைக் காலேஜ் ஸ்ட்ரீட்டில் வாங்கினேன். அதில் 'கிச்சுரி' என்றொரு பாட்டு, நம்ம கிச்சடிதான். ஹாதி என்றால் யானை, திமி என்றால் திமிங்கிலம். இரண்டும் சேர்ந்தால் ஹாதிமி. நடுவிலிருக்கும் 'தி' இரண்டு மிருகத்துக்கும் பொது. ஹாஷ் என்ற வாத்தும் ஷொஜாரு என்ற முள்ளம்பன்றியும் சேர்ந்து ஹாஷ்ஜாரு ஆவதும் அப்படித்தான். சுகுமாரே வரைந்த படத்தைப் பாருங்கள்: வாத்தின் தலை, வாத்தின் கால், இறகு இருக்க வேண்டிய இடத்தில் முள். இறகும் முள்ளும் உடம்பில் ஒரே திசையில் படிபவை. அதனால் கண்ணை உறுத்தவில்லை.

நானும் தமிழில் ஒன்று செய்து பார்த்தேன். ஆமை, மைனா: ஆமைனா. 'மை' பொது. பெயர் ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டது, படத்துக்கு மூன்று நாள் ஆயிற்று. முதலில் ஓட்டின்மேல் இறக்கையை வைத்தேன். பொம்மைக்குச் சாவி வைத்தது போலிருந்தது. பிறகு ஓட்டையே மடக்கிய இறக்கையாக்கி, விளிம்புக் கட்டங்களை வால்பக்கம் மெல்ல நீட்டி இறகு நுனியாக்கினேன். கழுத்துச் சுருக்கம் ஆமையுடையது. கண்ணைச் சுற்றிய மஞ்சள் தோல் மைனாவுடையது. இரண்டும் ரோமமில்லாத வெறுந்தோல், அங்கே ஒட்டிக்கொண்டது. கடைசியில் காலை அகட்டி, மைனா புல்தரையில் நடக்கிற அந்த மிடுக்கைக் கொடுத்தேன். அப்போதுதான் அதற்கு உயிர் வந்தது.

சுகுமாரின் கோடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருடைய அப்பா உபேந்திரகிஷோர், தான் வரைந்த ராமாயணப் படங்களை மரக்கட்டை அச்சு கெடுத்துவிட்டதே என்று இங்கிலாந்திலிருந்து சாமான் வரவழைத்து அச்சுக்கு பிளாக் செய்யும் தொழிலில் இறங்கியவர். மகன் 1911-இல் லண்டன் போய், பிறகு மான்செஸ்டரிலும் அதே தொழிலைப் படித்து 1913-இல் திரும்பினார். குழந்தைகளுக்கான 'சந்தேஷ்' பத்திரிகையை அப்பா தொடங்கியதும் அந்த வருஷம்தான். எந்தக் கோடு பிளாக்கில் நிற்கும், எது மையில் மூழ்கும் என்று தெரிந்த கை சுகுமாருடையது. எனக்கு அது தெரியாது. லைன் பிளாக் காலத்தில் ஒரு பத்திரிகைக்கு ராட்சசனின் தாடியை முடி முடியாக நெருக்கி வரைந்து கொடுத்தேன். அச்சில் வந்தது தார் பூசிய மோவாய். அச்சகத்தைத் திட்டிக்கொண்டே ஒரு வருஷம் ஓட்டினேன். தப்பு என் நிப்பில்.

சுகுமாருக்கு காலா அஸார் காய்ச்சல். படுத்த படுக்கையிலேயே 'ஆபோல் தாபோல்' பக்க அமைப்பைச் செய்தார். 1923 செப்டம்பர் 10-இல் இறந்தபோது வயது 35. ஒன்பது நாள் கழித்துப் புத்தகம் வந்தது. கர்பார் ரோட்டில் அவர்கள் வீடும் அச்சகமுமாக இருந்த கட்டடத்தில் இப்போது ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது.

காலேஜ் ஸ்ட்ரீட் போனால் ஒரு பிரதி வாங்குங்கள். வங்காளம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் காசு கொடுக்கும் முன் உள்ளே புரட்டி, சுகுமார் வரைந்த படங்கள்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேறு யாராவது வரைந்தது என்றால் வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.