வலை இழுத்தால் போதுமா, மனசுக்கு?

சென்னையிலிருந்து சூலூர்ப்பேட்டை போகும் ரயிலில் கும்மிடிப்பூண்டி, எளாவூர் தாண்டினால் ஆரம்பாக்கம். அடுத்த நிலையமான தடா, ஆந்திராவில் இருக்கிறது. ரயிலடியிலிருந்து கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. அதை ஒட்டித்தான் நொச்சிக்குப்பம் போன்ற மீனவர் கிராமங்கள்.

சில்காவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பல இடங்களில் இடுப்பளவுதான் தண்ணீர். அதனால் நீண்ட கோலை ஊன்றியே படகைத் தள்ளுகிறார்கள். வலை வீசுவது, இழுப்பது, மீன் கூடை சுமப்பது எல்லாமே உடம்பை முறிக்கும் வேலைகள். இருளர் பெண்கள் மணிக்கணக்கில் தண்ணீரில் நகர்ந்தபடி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள்.

இவர்களிடம் போய், 'தினமும் உடற்பயிற்சி செய்யுங்கள், மனசு நன்றாக இருக்கும்' என்றால் சிரிக்க மாட்டார்களா? உடல் உழைப்பே மருந்து என்றால், இங்கே யாருக்கும் மனச்சோர்வே வரக் கூடாதே!

விஷயமே அங்கேதான் இருக்கிறது. நார்வேயில் ஒரு பகுதி மக்களிடம் நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்தவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. வேலையில் உடம்பு வருந்தியவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. பயிற்சியால் கிடைக்கும் நட்பும் துணையும் இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்றார்கள். அதே பகுதியில் 33,908 பேரைச் சுமார் 11 ஆண்டுகள் கவனித்த அடுத்த ஆய்வோ, வாரத்துக்கு ஒரு மணி நேரப் பயிற்சியே பலன் தரும் என்றது.

ஏரிக்கரையில் இதைப் புரிந்துகொள்வது எளிது. பழவேற்காட்டில் 'பாடு' என்றொரு முறை உண்டு. யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை போடலாம் என்பதை ஊரே முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறது. தன் முறை வரும் நாளில் வலை வெறுமையாக வந்தால் என்ன ஆகும்? வட்டி, பள்ளிக் கட்டணம், வீட்டுச் செலவு எல்லாம் கண்முன் நிற்கும். கை வலையை இழுக்கும்போது மனசு கணக்குப் போடுகிறது.

மாலையில் கபடி ஆடும்போது அந்தக் கணக்கு இல்லை. வியர்வை ஒன்றுதான், ஆனால் இது விருப்பப்பட்டுச் சிந்தும் வியர்வை. பக்கத்தில் கத்தி உற்சாகப்படுத்த நாலு பேர் இருக்கிறார்கள்.

ஆட்டம் பெண்களுக்கும் வேண்டும். கூடை இல்லாமல், தோழியோடு பேசிக்கொண்டே அரை மணி நேரம் நடந்தாலும் போதும். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடங்களாவது மிதமான பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் கணக்கு சரியாகிவிடும்.

பயிற்சி கடனை அடைக்காது. கடனைப் பற்றித் தெளிவாக யோசிக்கத் தெம்பு தரும். இரண்டு வாரத்துக்கு மேலும் மனசு கனத்தே இருந்தால், 14416 என்ற அரசின் 'டெலி மானஸ்' எண்ணை அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.