தொடங்குகிறவனின் கணக்கு



என் இளைய மகன் ஒரு பொய் சொன்னான். ஒரு விளையாட்டில் தான் எறிந்த எறிகளின் எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னான், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பொய்யின் வேரைத் தேடிப் போனபோது, அது என் சோற்றுப் பாயிலும் என் வகுப்பறைக் கரும்பலகையிலும் போய் நின்றது. பிள்ளைகளைப் பெற்றவர்களும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர்களும் வாசிக்கின்ற ஏடு இது. ஆகவே வெட்கத்தை ஒருபுறம் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ஏறாவூரிலிருந்து வந்து செங்கலடிச் சந்தியில் திரும்பி, பதுளை வீதியால் உள்ளே போனால் கரடியனாறு வரும். அங்கே வாப்பா வழியாக வந்த கொஞ்ச வயல் எங்களுக்கு உண்டு. பெரும்போக அறுவடை முடிந்து, வட்டை முழுவதும் தாள் மட்டும் நிற்கின்ற காலம். பாடசாலை விடுமுறை. பின்லாந்தில் தொழில் செய்கின்ற என் சகோதரியின் மகன் லீவில் வந்திருந்தான். வரும்போது பிளாஸ்டிக் தட்டுகள் சிலவற்றைக் கொண்டு வந்தான். சிறு பிள்ளைகள் எறிந்து பிடிக்கும் தட்டைப் போலத்தான் இருந்தன. ஆனால் விளிம்பு கூர்மை, பாரமும் சற்று அதிகம். இவற்றைக் கொண்டு ஆடுவதற்கு 'டிஸ்க் கோல்ப்' என்று பெயராம்.

ஆட்டம் எளிது. ஓரிடத்தில் நின்று தட்டை எறிய வேண்டும். அது விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிய வேண்டும். இப்படியே போய்ச் சங்கிலிகள் தொங்கும் ஒரு கூடைக்குள் போட வேண்டும். எத்தனை எறிகளில் போட்டோம் என்பதே கணக்கு. குறைவாக எறிந்தவர் வென்றவர். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எட் ஹெட்ரிக் என்பவர் 1975இல் முதலாவது நிரந்தர மைதானத்தை அமைத்தார். சங்கிலிக் கூடையைச் செய்தவரும் அவரே. அடுத்த ஆண்டு, 1976இல், இதற்கென ஒரு சங்கத்தையும் தொடங்கினார். இன்று பின்லாந்தில் மட்டும் நூற்றுக்கணக்கான மைதானங்கள் உள்ளன. பெரும்பாலானவற்றில் கட்டணமின்றி யாரும் ஆடலாம்.

கூடை வருவதற்கு முன் மரங்களையும் விளக்குக் கம்பங்களையும் இலக்காக வைத்துத்தான் ஆடினார்களாம். எங்களுக்கும் அதுவே வசதி. மருமகன் வயலைச் சுற்றி ஒன்பது இலக்குகளைக் குறித்தான். மருதமரம், நாவல்மரம், வேம்பு, வாடியின் முன்கால் என்று அவை போயின. மரத்தில் தட்டு பட்டால் போதும். வாய்க்காலில் விழுந்தால் தண்டமாக ஒன்றைக் கூட்ட வேண்டும். ஒவ்வோர் இலக்குக்கும் 'பார்' மூன்று. ஒன்பதுக்கும் சேர்த்து இருபத்தேழு என்றான்.

பந்தயமாகக் காசு எதுவும் இல்லை, அஸர் தொழுதாகிவிட்டது, மஃரிபுக்கு முன் ஆட்டம் முடிந்துவிடும். மறுக்க எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. எப்படியும் பொழுது படுமுன் திரும்பத்தான் வேண்டும், அது யானை வரும் பக்கம். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் இறங்கினேன்.

முடிவில் மருமகன் இருபத்தொன்பது என்றான். நான் அறுபத்தொன்று என்றேன். பன்னிரண்டு வயது மகன் தலையைக் குனிந்துகொண்டு "முப்பத்தெட்டு" என்றான். "மாஷா அல்லாஹ்! முதல் நாளே முப்பத்தெட்டா!" என்று நான் முதுகில் தட்டினேன்.

எங்கள் வயலைப் பார்த்துத் தருகின்ற முல்லைக்காரரின் சின்ன மகன்தான் தட்டுகளை ஓடி ஓடி எடுத்துக் கொடுத்தவன். அவன் கள்ளமில்லாமல் சொன்னான்: "இல்ல மௌலவி, அந்த நாவல் மரத்துக்கு மட்டும் தம்பி பதினொரு தரம் எறிஞ்சவர்."

யாரும் பேசவில்லை. மகனின் முகம் கறுத்துவிட்டது.

அன்றிரவு வீட்டில் அவனை அருகில் கூப்பிட்டேன். "இஞ்ச வாங்க மகன். உண்மையா எத்தின?"

"ஐம்பத்தெட்டு வாப்பா."

"ஏன் குறைச்சுச் சொன்னீங்க?"

"மச்சான் இருபத்தொன்பது. நான் ஐம்பத்தெட்டு எண்டா நீங்க... அந்த மூணு புள்ளியைப் போல இதையும் சொல்லிக்கிட்டே இருப்பீங்க."

வாசகர்களே, அந்த 'மூணு புள்ளி' என்னவென்று உங்களில் பலருக்கு விளங்கியிருக்கும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மூன்று குறைவாக அவன் எடுத்திருந்தான். மூத்தவன் அதைத் தாண்டியவன். இரண்டு வருடங்களாகச் சோற்றுப் பாயில் எத்தனை முறை அந்த மூன்றைப் பற்றிப் பேசியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. வெட்டுப்புள்ளி என்பது இருக்கின்ற உதவிப்பணத்தையும் பிரபல பாடசாலை இடங்களையும் பங்கிடுவதற்காக இழுத்த ஒரு கோடு. அது மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். ஒரு பிள்ளை கற்றதா இல்லையா என்று சொல்வதற்காக அந்தக் கோடு இழுக்கப்படவில்லை. இதை மேடைகளில் பேசியவன் நான். வீட்டில் அந்தக் கோட்டால் என் மகனை அடித்துக்கொண்டிருந்தேன்.

ஸலமா இப்னுல் அக்வஃ (ரழி) அறிவிக்கும் ஒரு சம்பவம் ஸஹீஹுல் புகாரியில் உண்டு. அஸ்லம் கோத்திரத்தார் இரு அணியாகப் பிரிந்து அம்பெய்து கொண்டிருந்தார்கள். அவ்வழியே வந்த நபி (ஸல்) அவர்கள் அவர்களை உற்சாகப்படுத்தி, தாம் ஓர் அணியின் பக்கம் என்றார்கள். உடனே மற்ற அணியினர் எய்வதை நிறுத்திவிட்டார்கள். தாங்கள் அந்தப் பக்கம் இருக்கையில் நாங்கள் எப்படி எய்வது என்பது அவர்கள் கவலை. அதைக் கண்டதும், தாம் எல்லோருடனும் இருப்பதாகக் கூறி நபியவர்கள் அவர்களை மீண்டும் எய்யச் செய்தார்கள். இந்தச் சம்பவத்தை வருடா வருடம் மாணவர்களுக்கு ஓதிக் கொடுக்கிறேன். ஒரு பிள்ளையின் பக்கம் தகப்பன் சாய்ந்தால் மற்றப் பிள்ளையின் கை நின்றுபோகும் என்ற பாடம் அதில் இருப்பது, அன்றிரவுதான் எனக்கு உறைத்தது.

"மகன், வாய்க்காலுக்குள்ள விழுந்த ரெண்டை வாப்பாவும் எண்ணயில்ல. என்ட உண்மைக் கணக்கு அறுபத்துமூணு" என்றேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மருமகனிடம் 'பார்' என்றால் என்னவென்று ஒழுங்காகக் கேட்டேன். அதைப் பள்ளிக்கூடத்துப் 'பாஸ்' போலத்தான் நாங்கள் விளங்கியிருந்தோம். அது தவறு. கைதேர்ந்த ஓர் ஆட்டக்காரர், வழமையான காலநிலையில், பிழையில்லாமல் ஆடினால் எத்தனை எறிகள் எடுப்பார் என்று எதிர்பார்க்கலாமோ, அதுவே பார். நேற்றுத் தட்டைக் கையில் எடுத்தவனை மனதில் வைத்துப் போட்ட எண்ணல்ல. மூன்றுக்கு ஆறு எடுத்தேன், தோற்றுவிட்டேன் என்று தொடக்கக்காரன் மனம் உடைவது, அலிப் பே ஓதும் பிள்ளை தன்னை ஹாபிழோடு ஒப்பிட்டு அழுவதைப் போன்றது.

இன்னொன்றும் சொன்னான். அந்தச் சங்கத்தில் போட்டியாடுபவர்களுக்குத் தரப்புள்ளி கொடுப்பார்கள். தேர்ந்த ஆட்டக்காரரின் அளவு ஏறத்தாழ 1000. வெறும் எறி எண்ணிக்கையை வைத்து அதைக் கொடுப்பதில்லை. அதே நாளில் அதே மைதானத்தில் மற்றவர்கள் எப்படி ஆடினார்கள் என்று பார்த்துத்தான் கணிக்கிறார்கள். காற்றடித்த நாளின் அறுபதும் காற்றில்லாத நாளின் அறுபதும் ஒன்றல்ல என்பது தேர்ந்தவர்களுக்கே கொடுக்கப்படும் சலுகை. நாம் அதைக் கூட நம் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை.

அப்படியானால் தொடக்கக்காரனுக்குக் கணக்கே வேண்டாமா? எண்ணாமல் விட்டால் மனம் நோகாதே என்று சிலர் சொல்லக்கூடும். அதுவும் சரியல்ல. கணக்குக் கேட்கப்படும் முன் நம்மை நாமே கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது உமர் (ரழி) அவர்களின் அறிவுரையாக வந்திருக்கிறது. முஹாஸபா என்று நாம் சொல்வது அதைத்தான். கணக்கு வேண்டும். அது நம் சொந்தக் கணக்காக இருக்க வேண்டும், உண்மையாகவும் இருக்க வேண்டும்.

மகனுக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்தேன். வாய்க்கால், வரம்பு ஒன்றும் விடாமல் எழுதச் சொன்னேன். முதல் நாளின் ஐம்பத்தெட்டை மூவரும் நினைவிலிருந்து பிரித்துப் பார்த்தோம். ஐந்து, வாய்க்கால் தண்டம். இருபத்தாறு, மரத்துக்குப் பத்து மீற்றருக்குள் நின்று எறிந்தவை. மீதி இருபத்தேழு, தூர எறிகள். அதாவது ஒவ்வொரு மரத்தின் அருகிலும் அவன் மூன்று எறிகளில் போய்ச் சேர்ந்துவிடுகிறான். கிட்ட நின்றுதான் தடுமாறுகிறான். ஐம்பத்தெட்டு என்ற ஒற்றை எண் அவனைச் சோர வைத்தது. அதையே பிரித்தபோது எங்கே பழக வேண்டும் என்று அது வழிகாட்டியது.

தட்டிலும் ஒரு பாடம் இருந்தது. தூரம் போகுமென்று கூர்விளிம்புத் தட்டைத்தான் அவன் எடுத்திருந்தான். அதற்கு வேண்டிய வேகம் புதியவன் கையில் இராது. வேகம் குறைந்தால் வலக்கையால் எறிந்தது இடப்பக்கமாகச் சரிந்து விழும். மருமகன் அதை வாங்கி வைத்துவிட்டு, விளிம்பு தடித்த மெதுவான தட்டைக் கொடுத்தான். தூரம் குறைந்தாலும் நேராகப் போனது. மத்ரஸாவில் காயிதா முடியுமுன் குர்ஆனைத் தூக்கிக் கொடுக்கச் சொல்லும் பெற்றோர் என் நினைவுக்கு வந்தனர்.

கொப்பியில் விழுந்த எண்கள் இவை: 58, 54, 59, 51, 47. மூன்றாம் நாள் ஐம்பத்தொன்பது வந்ததும் மகன் முகம் சுருங்கியது. அன்று பின்னேரக் காற்று பலமாக அடித்தது. ஒரு நாளைப் பார்க்காதீர்கள், மூன்று மூன்றாகக் கூட்டிப் பாருங்கள் என்றேன். முதல் மூன்று நாட்களின் சராசரி 57. கடைசி மூன்று நாட்களின் சராசரி 52 சொச்சம். மருமகனின் இருபத்தொன்பது எட்டாத தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அவன் அதைப் பற்றிப் பிறகு கேட்கவே இல்லை.

இந்தப் பாடத்தை இதே வயலில் என் வாப்பா எனக்கு முன்பே கற்றுத் தந்திருந்தார். நான்தான் மறந்துபோனேன். 1990 ஆகஸ்டில் ஏறாவூர் கண்ட துயரத்துக்குப் பிறகு எங்கள் மக்கள் பலருக்கு இந்த வயல்களில் கால் வைக்க முடியவில்லை. கிழக்கில் யுத்தம் ஓய்ந்தது 2007இல். அதன் பிறகுதான் வாப்பா திரும்பி வந்தார். வயல் காடாகிக் கிடந்தது, வரம்பு தெரியவில்லை. தெரிந்த தொழிலானாலும் பதினேழு வருட இடைவெளியில் அவர் மறுபடி தொடக்கக்காரராகியிருந்தார். முதல் போகத்தில் ஏக்கருக்குப் பன்னிரண்டு மூடைதான் கண்டது. விடாமல் செய்து வந்த வேறு வயல்களில் முப்பது கண்டார்கள். இளந்தாரியான நான் வெட்கப்பட்டு, "இதைப் போய் யாரிட்டயும் சொல்லாதீங்க வாப்பா" என்றேன்.

களவெட்டியில் நின்ற அவர், கேட்டவர்களுக்கெல்லாம் பன்னிரண்டு என்றே சொன்னார். என்னிடம், "போன வருசம் இதுல எத்தின மூடை மகன்?" என்று மட்டும் கேட்டார். போன வருடம் ஒரு மணியும் இல்லை. அந்தப் பன்னிரண்டில் ஸகாத் விதியாகுமா என்று கணக்குப் பார்த்துவிட்டுத்தான் அவர் மூடைகளை ஏற்றினார்.

குர்ஆனைத் திறம்பட ஓதுபவர் கண்ணியமிக்க வானவர்களுடன் இருப்பார் என்றும், திக்கித் திணறிச் சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரு கூலிகள் உண்டென்றும் நபிமொழி இருக்கிறது. தேர்ந்தவரை விடத் திக்குபவர் உயர்ந்தவர் என்பதல்ல அதன் கருத்து. தேர்ந்தவரின் இடம் அவருக்கு இருக்கவே செய்கிறது. ஆனால் ஓதியதற்கு ஒன்று, பட்ட சிரமத்துக்கு ஒன்று என்று திக்குபவருக்குத் தனியாக ஒரு கணக்கு வைக்கப்பட்டிருக்கிறது. படைத்தவனே தொடக்கக்காரனுக்குத் தனிக் கணக்கு வைத்திருக்கும்போது, அவனைத் தேர்ந்தவனின் கோலால் அளக்க நாம் யார்?

அடுத்த தவணை தொடங்கியதும் என் வகுப்பறையில் ஒரு மாற்றம் செய்தேன். முதலாம் பிள்ளை முதல் கடைசிப் பிள்ளை வரை பெயர் எழுதிக் கரும்பலகையில் தொங்கவிடும் பட்டியலை நிறுத்தினேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டுக் கடதாசி. அதில் போன தவணைப் புள்ளியும் இந்தத் தவணைப் புள்ளியும், எந்தப் பகுதியில் குறைந்தது என்ற ஒரு வரியும் இருக்கும். சில பெற்றோர், "எத்தனையாம் பிள்ளை எண்டு சொல்லுங்க மௌலவி" என்று இப்போதும் கேட்கிறார்கள். "போன முறையை விட ஒன்பது கூட" என்று சொல்கிறேன். சிலர் திருப்தியில்லாமல் போகிறார்கள். இரண்டு வருடங்கள் நானும் அப்படித்தான் இருந்தேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மருமகன் இரண்டு தட்டுகளை விட்டுவிட்டுப் போய்விட்டான். இப்போது வயலில் பயிர் நிற்கிறது. தட்டுகள் வாடியின் கூரையில் செருகியிருக்கின்றன, கொப்பி மகனின் மேசையில் இருக்கிறது. அறுவடை முடிந்ததும் நாற்பத்தேழிலிருந்து தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறான். நான் அறுபத்துமூன்றிலிருந்து. இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகள் தங்கள் உண்மைக் கணக்கை நம் முகத்தைப் பார்த்துப் பயமின்றிச் சொல்லும் வீடுகளாக நம் வீடுகளை அல்லாஹ் ஆக்கி வைப்பானாக. ஆமீன்.